உட்காரச் சொல்லாதீர்கள்

நெதர்லாந்தின் நைமேகன் நகரத்தில் பாஸ்டியான் புளூம் என்றொரு நரம்பியல் மருத்துவர் இருக்கிறார். பார்க்கின்சன் நோய்தான் அவருடைய துறை. கை நடுக்கத்தோடும் கால் தடுமாற்றத்தோடும் வருகிறவர்களிடம் ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள் என்று 2011இல் அவரும் அவருடைய சகாக்களும் ‘லான்செட்’ இதழில் மற்ற மருத்துவர்களுக்கு எழுதினார்கள். “இன்னும் சைக்கிள் ஓட்டுகிறீர்களா?” என்பதுதான் அந்தக் கேள்வி.

நம் ஊர் டாக்டர் அறுபது வயதுப் பெண்ணிடம் இப்படிக் கேட்டால், கேலி செய்கிறார் என்று கோபித்துக்கொண்டு எழுந்து வந்துவிடுவோம். நெதர்லாந்தோ பாட்டிமார்கூடக் காய்கறிப் பையோடு சைக்கிளில் போகிற நாடு. அங்கே இந்தக் கேள்வி செல்லும். அதற்குள் ஒரு மருத்துவக் கணக்கும் இருக்கிறது. பார்க்கின்சன் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நடை கெட்டுப்போன பிறகும் சைக்கிளை விடுவதில்லை. பார்க்கின்சனைப் போலவே தோற்றம் காட்டி, அதைவிட வேகமாக ஆளைச் சாய்க்கிற வேறு சில நோய்கள் உண்டு. அவை வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஆரம்பத்திலேயே சைக்கிள் ஓட்டும் திறன் போய்விடுகிறது. பக்கவாட்டில் சமநிலை காக்கிற திறமையை அந்த நோய்கள் முதலிலேயே தொட்டுவிடுகின்றன. ஆயிரக்கணக்கில் செலவழித்துச் செய்யும் சோதனைகள் தடுமாறும் இடத்தில் ஒரு மிதிவண்டி சாட்சி சொல்கிறது.

எனக்கு வந்திருப்பது அசல் பார்க்கின்சன். வந்ததுதான் வந்தது, அசலாக வந்ததே என்று எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் உண்டு.

அதே புளூம் 2010இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஒரு வீடியோவும் வெளியிட்டார். பெங்களூரிலிருக்கும் என் மகன் அதை எனக்கு அனுப்பினான். 58 வயது மனிதர், பத்து வருடமாக நோயாளி. மருத்துவமனை நடைக்கூடத்தில் ஒருவர் துணையோடு சில எட்டு வைக்கிறார். பாதம் தரையில் ஒட்டிக்கொள்கிறது, உடம்பு மட்டும் முன்னால் போகிறது, விழப்போகிறார். அடுத்த காட்சியில் அதே மனிதர் சைக்கிளில். ஏற்றிவிட்டு லேசாகத் தள்ளிவிடுகிறார்கள், அவ்வளவுதான். நேராகப் போகிறார், வளைந்து திரும்புகிறார், யாரும் பிடிக்கவில்லை. இறங்கிக் கால் ஊன்றியதும் மறுபடியும் ஒட்டிக்கொள்கிறது. நான் தினமும் சைக்கிளில் வெகுதூரம் போகிறேன் என்று அந்த மனிதர் முதலில் சொன்னபோது டாக்டரே நம்பவில்லையாம். பத்து வருடம் நோயோடு இருந்தவருக்குத் தெரிந்தது, அந்த நோயையே படித்தவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மருத்துவ நூல்களில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

ஏன் இப்படி? நடுமூளையில் கறுப்பாகத் தெரியும் ஒரு சிறு பகுதியில் டோப்பமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் இருக்கின்றன. அவை மெல்ல மெல்லச் சாகின்றன. நோய் வெளியே தெரியும்போது அவற்றில் பெரும் பங்கு போயிருக்கும். அவைதான் நாம் நினைக்காமலே செய்கிற காரியங்களை நடத்திக்கொண்டிருந்தவை. நடக்கும்போது கை வீசுவது, பேசும்போது முகம் மாறுவது, சட்டைப் பொத்தான் போடுவது, ஒரு கால் வைத்ததும் மறு கால் தானே எழுவது எல்லாம் அந்தக் கணக்கில்தான். அந்தத் ‘தானே’ போய்விட்டால் ஒவ்வொரு எட்டுக்கும் நாமே உத்தரவு போட வேண்டும். அதே சமயம் வெளியிலிருந்து ஒரு தாளம் வந்தால் மூளை வேறு வழியாக வேலையை முடித்துக்கொள்ளும். தரையில் குறுக்குக் கோடு போட்டால் தாண்டிவிடலாம். யாராவது எண்ணிக்கை சொன்னால் நடந்துவிடலாம். சைக்கிளில் ஒரு பெடல் கீழே போனால் மற்றது கட்டாயம் மேலே வந்துதான் ஆக வேண்டும்; காலுக்கு வேறு வழியில்லை. நடையைக் கெடுக்கும் நோய் சைக்கிளை விட்டுவைப்பதற்கு புளூம் குழுவினர் முன்வைத்த காரணங்களில் பெடலின் இந்தத் தாளமும் ஒன்று.

எங்கள் வீட்டில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கும் நிலைதான் எனக்கு எதிரி. இந்த நோய்க்காரர்களுக்கு வாசல், குறுகல், திருப்பம் மூன்றும் ஆகாது. அந்த நிலைக்குப் பக்கத்தில் போனதும் கால் ஆணியடித்தது மாதிரி நின்றுவிடும். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் கேட்ட ‘லெஃப்ட் ரைட்’டை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன், சில நாள் வேலை செய்யும். இப்போது தரையில் மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறோம். அதைத் தாண்டக் காலைத் தூக்கினால் நிலை தானாகப் பின்னால் போய்விடுகிறது. புனேயைச் சேர்ந்த மிலேஹா சோனேஜி என்ற வடிவமைப்பாளரின் சித்தப்பாவுக்கும் இதே நோய். சமதரையில் தடுமாறுகிற அவர் மாடிப்படியில் மட்டும் விறுவிறுவென்று போனதை அந்தப் பெண் கவனித்தார். நெதர்லாந்தில் படித்தபோது, படிக்கட்டு மாதிரி தோன்றும் ஓவியத்தைத் தரையில் விரித்து அவரை நடக்கவைத்தார். எங்கள் வீட்டு மஞ்சள் டேப்பும் அந்த ஓவியத்துக்கு ஏழை உறவுதான்.

எனக்கு நோய் முதலில் தெரிந்தது நடுக்கத்தில் இல்லை. சாம்பார் அடிப்பிடித்த வாசனை வராந்தாவில் இருந்த என் வீட்டுக்காரருக்கு எட்டியது, அடுப்பங்கரையில் நின்ற எனக்கு எட்டவில்லை. மூக்கு போவது பல வருடம் முன்கூட்டியே வரும் அறிகுறி என்று அப்போது யாருக்குத் தெரியும்? பிறகு கரும்பலகையில் வரி தொடங்கும்போது பெரிதாக இருக்கும் எழுத்து முடியும்போது சிறுத்துப்போனது. “டீச்சர், தெரியலை” என்று கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் சொல்லத் தொடங்கினார்கள். இடது கை வீசாமல் தொங்கியதைக் கவனித்து, திருச்சிக்கு நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனதும் அவர்தான். மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். லிவோடோபா நல்ல மருந்து. 1960களில் அது வந்திருக்காவிட்டால் என்னைப் போன்றவர்கள் கட்டிலோடு கிடந்திருப்போம். ஆனால் அந்தச் சீட்டில் மாத்திரை தவிர வேறெதுவும் இல்லை. “நல்லா ரெஸ்ட் எடுங்கம்மா” என்று வாய்மொழியாக ஒரு வரி மட்டும் சேர்த்தார்கள்.

அந்த ஒரு வரியை வீடு வேதமாக எடுத்துக்கொண்டது. நான் எழுந்தால் நாலு பேர் எழுந்தார்கள். “அத்தை, நீங்க உக்காருங்க, நான் எடுத்துத் தர்றேன்” என்பாள் மருமகள். தண்ணீர்ச் சொம்பு கைக்கே வந்தது. துணி மடிப்பதும் கீரை ஆய்வதும் என்னிடமிருந்து போயின. விருந்தாளிகள் என்னை விட்டுவிட்டு அவரிடம், “டீச்சருக்கு எப்படி இருக்கு?” என்று கேட்டார்கள். யாரிடமும் துளி கெட்ட எண்ணம் கிடையாது. அன்பின் பெயரால் ஒரு நாற்காலி போட்டார்கள். அதில் உட்கார்ந்த சில மாதத்தில் இடுப்பும் தோளும் இறுகி, எழுந்திருக்கவே ஆள் தேவைப்பட்டது. நோய் எடுத்துக்கொண்டது பாதி, நாற்காலி எடுத்துக்கொண்டது பாதி. எது எவ்வளவு என்று பிரிக்க எந்த ஸ்கேனும் இல்லை.

இங்கே என் சைக்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் சைக்கிள் கற்றது 1991இல், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது. ஷீலாராணி சுங்கத் கலெக்டர். எழுத்தறிவோடு பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுப்பது என்று முடிவானது. கீரனூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குச் சாயங்காலம் போய்ப் பாடம் சொல்ல வேண்டிய எங்களுக்கு பஸ்ஸை நம்ப முடியாது, ஆண் துணையை எதிர்பார்த்து நிற்கவும் பிடிக்காது. லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு. கிடைத்த ஜென்ட்ஸ் சைக்கிளில் புடவையைச் சொருகிக்கொண்டு, முதலில் குரங்குப் பெடல், பிறகு பாரைத் தாண்டி ஏறுதல். பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்பதால் பிறகு பல பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளே வேண்டும் என்றார்கள். அந்த மாவட்டத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றார்கள். 1992 மகளிர் தினத்தில் நடந்த சைக்கிள் பேரணியைப் பார்த்தவர்கள் இன்னும் அதைப் பேசுகிறார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியதால் வெளியுலகத்துக்கும் தெரிந்தது.

அன்று என் மாமியார் திண்ணையிலிருந்து, “ஏத்தா, விழுந்து கையைக் காலை ஒடிச்சிக்கிட்டா யாரு பாக்குறது?” என்றார். முப்பது வருடம் கழித்து அதே வாக்கியத்தை என் மகன் தொலைபேசியில் சொன்னான். வார்த்தைகூட அதிகம் மாறவில்லை. பெண்ணைப் பற்றியும் நோயாளியைப் பற்றியும் நம் வீடுகளுக்கு ஒரே பயம்தான் போலிருக்கிறது: விழுந்துவிடுவாள்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. 1991இல் அந்தப் பயத்துக்கு ஆதாரம் குறைவு. விழுந்தால் முட்டி சிராய்க்கும், எழுந்துகொள்ளலாம். இப்போது ஆதாரம் இருக்கிறது. பார்க்கின்சன்காரர்கள் நிறையவே விழுகிறார்கள். அறுபதுக்கு மேல் இடுப்பெலும்பு முறிவது சின்ன விஷயமில்லை. நைமேகனில் சைக்கிளுக்குத் தனிப் பாதை. எங்கள் பேருந்து நிலையச் சாலையில் மினி பஸ், ஷேர் ஆட்டோ, நாய், அறிவிப்பில்லாத வேகத்தடை. ஓட்டுவது எனக்குக் கஷ்டமில்லை. ஏறுவது, இறங்குவது, சட்டென்று நிறுத்துவது மூன்றும்தான் ஆபத்து. அந்த நேரத்தில்தான் கால் உறையும். எனவே தெருவில் ஓட்டுவதில்லை என்பது என் முடிவு. நானே எடுத்த முடிவு என்பதால் அதில் எனக்கு வருத்தம் குறைவு.

வராந்தாவில் ஓட்டுகிறேன். ஆரம்பத்தில் பழைய ஜென்ட்ஸ் சைக்கிள்தான். பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் அந்த இரட்டைக்கால் ஸ்டாண்டு ஞாபகம் இருக்கிறதா? ஸ்டாண்டு போட்டு ஏறி உட்கார்ந்து பெடல் சுற்றாத தமிழ்ப்பிள்ளை யார்? ஆட்டம் கொடுக்காமலிருக்க வெல்டிங் பட்டறையில் அகலமான தாங்கி ஒன்று செய்து, சுவர் ஓரமாகப் போட்டோம். பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டால் காலுக்கு வேலை கிடைக்கும். பிறகு மகன் உடற்பயிற்சி சைக்கிள் வாங்கி அனுப்பினான். அதில் திரையும் எண்களும் இருக்கின்றன. பழையது இன்னும் வீட்டில்தான் இருக்கிறது, அதை விற்க நான் விடவில்லை.

ஜே ஆல்பர்ட்ஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளரின் கதையைப் படித்தபோது இன்னொரு சிக்கல் எனக்கு விளங்கியது. 2003இல் அவர் பார்க்கின்சன் வந்த ஒரு பெண்ணோடு ஐயோவா மாநிலத்தைக் குறுக்கே கடக்கும் சைக்கிள் பயணத்தில் கலந்துகொண்டார். இரண்டு பேர் முன்னும் பின்னும் அமர்ந்து மிதிக்கும் வண்டி, முன்னால் இவர், பின்னால் அந்தப் பெண். அந்த வண்டியில் இரண்டு ஜோடிப் பெடலும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். வலுவான முன்னவர் எவ்வளவு வேகமாக மிதிக்கிறாரோ, அவ்வளவு வேகத்துக்குப் பின்னவர் கால் ஓடியாக வேண்டும். பயணத்தின்போது அந்தப் பெண்ணின் சிறுத்துப்போன கையெழுத்து தெளிவானது. கால் மிதிக்கக் கை திருந்தியது! பிறகு ஆல்பர்ட்ஸ் கிளீவ்லாந்து கிளினிக்கில் பத்து நோயாளிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். எட்டு வாரம், வாரத்தில் மூன்று நாள். தம் விருப்ப வேகத்தில் மிதித்தவர்களுக்கு அசைவில் பெரிய மாற்றம் இல்லை. பயிற்சியாளரோடு இணைந்து, தம் இயல்பைவிடச் சுமார் 30 சதவீதம் வேகமாக மிதிக்கவைக்கப்பட்டவர்களுக்கு அசைவு மதிப்பெண் 35 சதவீதம் மேம்பட்டது. 2009இல் வெளியான ஆய்வு. பத்துப் பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கைதான், அதை வைத்துச் சட்டம் போட முடியாது. ஆனால் அது எழுப்பும் கேள்வியை ஒதுக்கவும் முடியாது.

நோயாளியின் விருப்பத்துக்கே விடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த நோயோ விருப்பத்தையே தின்கிறது. டோப்பமின் காலை மட்டும் நடத்தவில்லை, ‘எழுந்திரு, செய்’ என்று உள்ளிருந்து உந்துவதிலும் அதற்குப் பங்கு உண்டு. அது குறையும்போது ஒன்றும் செய்யத் தோன்றாத ஒரு மந்தம் வந்து அமரும். வெளியே இருப்பவருக்கு அது சோம்பலாகத் தெரியும், உள்ளே இருப்பவருக்கு நிம்மதியாகக்கூடத் தெரியும். அப்படிப்பட்ட நாளில் “உனக்கு இஷ்டம்னா பண்ணு” என்று விட்டுவிடுவது மரியாதையா, கைகழுவலா? மறுபக்கம், வீட்டில் யாராவது கையில் குச்சி எடுக்காத வாத்தியாராக மாறி, “பண்ணு, பண்ணு, பத்து நிமிஷம்கூட ஆகலை” என்று நச்சரித்தால் அந்த வீட்டில் மனுஷி இருக்க முடியுமா?

எனக்கும் வீட்டுக்காரருக்கும் நடந்த ஒரு பெரிய சண்டைக்குப் பிறகு ஏற்பாடு ஒன்று உருவானது. பயிற்சி உண்டா இல்லையா என்பதைக் காலையில் நான் முடிவு செய்வேன். உண்டு என்று சொல்லிவிட்டால் பிறகு வேகம் அவர் கையில். அவர் நாற்காலியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தொடையில் தாளம் தட்டுவார். நான் அதற்கு மிதிக்க வேண்டும். தாளத்தைக் கள்ளத்தனமாகக் கூட்டுவார், எனக்குத் தெரியாது என்று நினைப்பு. மூச்சு வாங்க வேண்டும், ஆனால் இரண்டு வார்த்தை திட்ட முடிகிற அளவுக்கு மூச்சு மிச்சமிருக்க வேண்டும் என்பது எங்கள் அளவுகோல். ஐயோவாவில் ஆல்பர்ட்ஸ் உட்கார்ந்த முன்சீட்டு இதுதான் என்று நினைத்துக்கொள்கிறேன். முன்னால் இருப்பவரும் மிதிக்கிறார். பின்னால் இருப்பவரை ஏவுகிறவராக மட்டும் அவர் இருக்கவில்லை. அவரும் வேர்த்தார் என்பதால்தான் அந்தக் கட்டாயத்தில் அவமானம் இல்லை.

இன்னும் நம்பகமான ஆய்வு நைமேகனிலிருந்தே வந்தது. 2019இல் வெளியானது, 130 பேர் கலந்துகொண்டது. பாதிப் பேர் வீட்டிலேயே நிலைசைக்கிளில், திரை விளையாட்டுகளின் துணையோடு, வாரம் மூன்று முறை முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம் மிதித்தார்கள். மற்றவர்கள் உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தார்கள். ஆறு மாதம் கழித்து மருந்தின் தாக்கம் இல்லாத நேரத்தில் அளந்தபோது, நீட்டி மடக்கியவர்களின் அசைவுக் குறைபாடு 5.6 புள்ளி கூடியிருந்தது, மிதித்தவர்களுக்கு 1.3 மட்டும். இது பெரிய விஷயம். சொந்த வேகத்தில் மிதித்தாலும் போதிய கடுமை இருந்தால் பலன் உண்டு என்று இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். ஆனால் மிதித்தவர்களுக்கும் நோய் அப்படியே நின்றுவிடவில்லை. சாகிற செல்கள் சாவதைச் சைக்கிள் நிறுத்துகிறது என்று இந்த ஆய்வு நிரூபிக்கவில்லை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம், வாட்ஸப்பில் வரும் ‘நடந்தே பார்க்கின்சனை வென்றவர்’ வகைச் செய்திகள். அவற்றைப் படித்துவிட்டு என்னிடம், “டீச்சர், நீங்க இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணலாம்” என்கிறார்கள். அப்படியானால் நோய் முற்றுவது என் சோம்பேறித்தனமா? உடற்பயிற்சியை மருந்தாகச் சொல்லலாம், நோயாளியின் குணத்துக்கு வைக்கும் பரீட்சையாக ஆக்கக் கூடாது. டேவிஸ் ஃபின்னி என்ற அமெரிக்கர் டூர் டி பிரான்ஸ் போட்டியில் இரண்டு கட்டங்களை வென்ற சைக்கிள் வீரர். அவரைவிட அதிகம் மிதித்தவர் யார் இருக்கப்போகிறார்கள்? அவருக்கும் நாற்பது வயதில் பார்க்கின்சன் வந்தது.

பூனைக்காலி விதைப் பொடியும் வாட்ஸப் வழியாகத்தான் வீடு தேடி வருகிறது. அதில் லிவோடோபா இருப்பது உண்மை. உண்மை என்பதால்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். மாத்திரையோடு சேர்த்துத் தின்றால் மருந்தின் அளவு டாக்டருக்குத் தெரியாமல் கூடிவிடும்.

பயிற்சியால் எனக்கு என்ன கிடைத்தது என்றால், சொல்லிக்கொள்ள ரொம்பச் சாதாரணமானவைதான். படுக்கையில் நானே புரண்டு படுக்கிறேன். மலச்சிக்கல் குறைந்தது, இந்த நோயில் அது எவ்வளவு பெரிய வரம் என்பது அனுபவித்தவருக்குத் தெரியும். ரவிக்கைக் கொக்கி நானே மாட்டுகிறேன், நேரம் ஆகும், பரவாயில்லை. நடுக்கம் அப்படியேதான் இருக்கிறது. மாத்திரையின் வேகம் இறங்கும் நேரத்தில் சைக்கிள் பக்கம் போவதே இல்லை. மாத்திரை போட்டு, அது பிடித்த பிறகுதான் ஏறுவேன். மோசமான நாளில் ஏறுவதே இல்லை. அன்று அவர் தாளம் தட்டுவதில்லை, காபி போடுகிறார்.

இந்த நோயைப் பற்றி 1817இல் முதலில் விரிவாக எழுதிய லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறு பேரைத்தான் விவரித்தார். அவர்களில் சிலர் தெருவில் கண்ணில் பட்டவர்கள். நோயோடு அவர்கள் தெருவில் நடந்துகொண்டிருந்ததால்தான் அவர் பார்க்க முடிந்தது. நம் தெருக்களில் இந்த நோயாளிகளைக் காண்பது அரிது. இல்லை என்பதாலா? உள்ளே உட்காரவைத்திருக்கிறோம்.

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் அடுத்த முறை நரம்பு டாக்டரிடம் போகும்போது ஒன்று செய்யுங்கள். மாத்திரையின் பெயரும் நேரமும் எழுதிய அதே சீட்டில், எந்தப் பயிற்சி, வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு நேரம், எவ்வளவு மூச்சு வாங்கலாம் என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். இதயத்தையும், எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்குகிறதா என்பதையும் பார்த்துவிட்டு எழுதட்டும். பிசியோதெரபிக்குப் பணமில்லையென்றால் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் இயன்முறை சிகிச்சை இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். இதையெல்லாம் அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு நீங்கள் மட்டும் உள்ளே போய்ப் பேசாதீர்கள். அவரைக் கூட்டிக்கொண்டு போய், அவரையே கேட்க விடுங்கள். அவர் குரல் மெல்லியதாக இருக்கும், வார்த்தை வர நேரமாகும். காத்திருங்கள்.